எழுத உட்கார மனம் வராதபோது: கேள்வி பதில்

எழுத விரும்பும் நண்பர்களிடமிருந்து எங்கள் வாசகர் வட்டம் கேள்விகளை வாங்கிக் கொடுத்தது. பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: ஆசை நிறைய இருக்கிறது, வேலை நகர மாட்டேன் என்கிறது. சிற்றிதழுக்கு வரும் கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுப்பதும், புதிதாக எழுதுகிறவர்களோடு உட்கார்ந்து பிரதியைச் செப்பனிடுவதும் பல வருடங்களாக என் வேலை. அங்கே பார்த்ததையும் படித்துத் தெரிந்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

அக்கா, சோழிங்கநல்லூரில் ஐடி வேலை. ஒரு நாவல் ஐந்து வருடமாக மனதில் ஓடுகிறது. வீடு திரும்ப ராத்திரி ஒன்பதாகிவிடும். லீவு போட்டு உட்கார்ந்தாலும் ஒரு வரி வரவில்லை. எனக்கு உண்மையிலேயே ஆர்வம் இல்லையோ?

ஐந்து வருடமாக மனதை விட்டுப் போகவில்லை என்றால் ஆர்வத்தைச் சந்தேகப்பட வேண்டாம். லீவு நாளில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். முழு நாவலும் ஒரே நேரத்தில் முன்னால் வந்து நிற்கிறது. அதை யாராலும் ஒரு நாளில் எழுத முடியாது. கதாநாயகன் ரேஷன் கடை வரிசையில் நிற்கும் காட்சியை எழுத முடியும். நாளைக்கு அது மட்டும் போதும்.

ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரோலப் தபால் துறையில் வேலை பார்த்தவர். காலை 5:30 மணிக்கு எழுத உட்கார்ந்துவிடுவார். முந்தின நாள் எழுதியதை அரை மணி நேரம் படித்துப் பார்ப்பார். அப்புறம் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள் என்று எழுதுவார். அதற்குப் பிறகுதான் மற்ற வேலைகள். இப்படியே 47 நாவல்கள் எழுதினார். இதில் எனக்குப் பிடித்தது வேறொரு விவரம். காலையில் காபியோடு வந்து தன்னை எழுப்புவதற்காக வீட்டுப் பணியாளருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். எழுந்திருக்க மனம் வருமா வராதா என்ற கேள்வியைத் தன்னிடமே அவர் வைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார்.

பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதைத்தான் ஆராய்ந்தார். 'இதைச் செய்ய வேண்டும்' என்று பொதுவாக நினைப்பவர்களைவிட, எப்போது, எங்கே, எப்படிச் செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்று காட்டினார். உங்களுக்குக் கம்பெனி பஸ் உண்டா? பஸ் கிளம்பியதும் போனில் குறிப்புச் செயலியைத் திறப்பது, இறங்கும் வரை ஒரே காட்சி என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நிறுத்தும்போது அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டு இறங்குங்கள். மறுநாள் வெற்றுத் திரையைப் பார்க்க வேண்டியிருக்காது. ராத்திரி ஒன்பதுக்கு மேல் எழுத முயலாதீர்கள். அந்த நேரம் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும்தான்.

மேடம், மதுரையில் கல்லூரி மாணவன். நிறையக் கதைகள் ஆரம்பித்துவிட்டேன், ஒன்றுகூட முடியவில்லை. பாதியில் சலித்துவிடுகிறது.

தம்பி, எனக்கு வரும் அரைகுறைக் கதைகளும் பெரும்பாலும் மூன்றாம், நான்காம் பக்கத்தில்தான் நின்றிருக்கும். அதுவரை ஊர், வீடு, வெயில், பாட்டியின் முகம் எல்லாம் அழகாக வரும். அவை நமக்கு ஏற்கெனவே தெரிந்தவை. அதற்கு மேல் யாராவது ஏதாவது செய்தாக வேண்டும். இந்த ஆளுக்கு என்ன வேண்டும் என்பது எழுதுகிறவருக்கே தெரியாதபோது கதை நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் மனம் அதைச் சலிப்பு என்று சொல்லிவிடுகிறது. புதிதாகத் தோன்றும் கதையோ இன்னும் அந்தக் கஷ்டத்துக்கு வராததால் பளபளப்பாகத் தெரிகிறது.

ஒன்று செய்யுங்கள். எந்தக் கோப்பையும் திறக்காமல், எந்தக் கதை தானாக நினைவுக்கு வருகிறதோ அதை எடுங்கள். அதில் வரும் மனிதருக்கு இன்றைக்கு என்ன வேண்டும், குறுக்கே நிற்பது யார் என்று இரண்டு வரி எழுதுங்கள். பிறகு கடைசிக் காட்சியை முதலில் எழுதுங்கள். தப்பும் தவறுமாக இருந்தால் பரவாயில்லை, பின்னால் மாற்றலாம். போகும் திசை தெரிந்தால் நடுப்பகுதி பயமுறுத்தாது. ஏதாவது காட்சி வரவில்லை என்றால், 'இங்கே மாமா வந்து பணம் கேட்கிறார்' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முதல் பிரதியை உங்களைத் தவிர யாரும் பார்க்கப்போவதில்லை.

இது முடியும்வரை புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். தோன்றும் யோசனையை நோட்டில் குறித்து வைத்தால் போதும், அது எங்கும் ஓடிவிடாது. முடித்த கதை மோசமாகவே இருந்தாலும் எந்த இடத்தில் மோசம் என்று நாம் உட்கார்ந்து பேச முடியும். தொடக்கங்களை வைத்துக்கொண்டு அப்படிப் பேச எதுவுமில்லை.

அக்கா, தஞ்சாவூர்ப் பக்கம் கிராமம். எழுத உட்கார்ந்தால் "என்ன, கலெக்டர் பரீட்சைக்கா?" என்று வீட்டில் கேலி. நோட்டை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். எதற்கு இந்தப் பாடு என்று தோன்றுகிறது.

படித்ததும் மனசு கனத்துவிட்டது. துவரங்குறிச்சியில் ஒரு பெண்ணுக்குப் பருவமடைந்ததும் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு கையில் கிடைத்ததையெல்லாம் படித்தார். கல்யாணத்துக்குப் பிறகும் யாருக்கும் தெரியாமல் எழுதினார். கவிதைகளை வெளியே கொண்டுசேர்க்க அவருடைய அம்மாதான் உதவினார். சல்மா என்ற புனைபெயரில் அவருடைய முதல் தொகுப்பு 2000இல் வந்தது.

அப்படிக் கஷ்டப்பட்டால்தான் எழுத்து வரும் என்று சொல்ல இதை எடுக்கவில்லை. அந்தக் கஷ்டம் யாருக்கும் வரக் கூடாது. அந்த அம்மாவை நினைத்துத்தான் சொல்கிறேன். உங்கள் எழுத்தை மதிக்கும் ஒரே ஒரு ஆள் வேண்டும். தங்கையோ, பழைய தோழியோ, நூலகத்தில் பழக்கமானவரோ, யாராக இருந்தாலும் சரி. வாரம் ஒரு பக்கத்தை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள், போனில் வாசித்தாலும் போதும். கேலி செய்கிறவர்களிடம் எதையும் நிரூபிக்க முயல வேண்டாம், அதில் தெம்பு முழுவதும் போய்விடும். மதியம் வீடு அடங்கிய பிறகு கிடைக்கும் அரை மணி நேரம் உங்கள் உரிமை. யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

வங்கியில் ஓய்வு பெற்றவன், வயது 61. இனிமேல் தொடங்கி என்ன சாதிக்கப்போகிறேன் அம்மா?

தாராளமாகத் தொடங்குங்கள் சார். இடைசெவல் விவசாயியான கி.ராஜநாராயணன் எழுதத் தொடங்கியதே முப்பதைத் தாண்டித்தான். அவருடைய நாவல் 'கோபல்ல கிராமம்' வந்த 1976இல் அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். தொண்ணூறைத் தாண்டியும் எழுதிக்கொண்டிருந்தார். கடன் கேட்டு வந்து உங்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவர்களின் முகங்கள் எத்தனை இருக்கும்! அதை எழுத வங்கியில் இருந்தவரால்தான் முடியும். சாதனை பற்றிய கணக்கை ஒதுக்கிவிட்டு அந்த முகங்களில் ஒன்றை எடுங்கள்.

கவிதை போட்டால் லைக் வருகிறது, உற்சாகமாக இருக்கிறது. லைக் குறைந்தால் ஒரு வாரம் எழுதத் தோன்றுவதில்லை. இது சரியா?

பாராட்டு பிடிப்பது இயல்புதான். ஆனால் எழுதிய சூட்டோடு போட்டுவிட்டால் அந்தக் கவிதையைத் திருத்தும் ஆசையும் அங்கேயே முடிந்துவிடும். ஒரு கவிதையைப் பத்து நாள் வைத்திருந்து, நடுவே ஒரு முறையாவது திருத்தி, அப்புறம் போடுங்கள். அதற்குள் அடுத்த கவிதையின் வேலை நடந்துகொண்டிருக்கும். லைக் குறைந்ததைக் கவனிக்கக்கூட நேரம் இருக்காது.

பத்திரிகைக்குக் கதை அனுப்பி நாலு மாதம் ஆகிறது. பதிலே இல்லை. ஒரு வருடத்தில் பத்துக் கதையாவது பிரசுரமாக வேண்டும் என்பது என் இலக்கு.

இலக்கை மாற்றச் சொல்வேன். பிரசுரமாவது ஆசிரியர் குழுவின் கையில் இருக்கிறது. பக்கம் இல்லை, அதே மாதிரி இன்னொரு கதை வந்துவிட்டது என்று உங்களுக்குத் தெரியவே வராத காரணங்கள் எத்தனையோ உண்டு. சிறிய இதழ்களில் படிப்பதற்கு ஆள் குறைவு. நல்ல கதைகூட மேசையில் மாதக்கணக்கில் கிடக்கும். வருடத்தில் எட்டுக் கதை எழுதி, திருத்தி, அனுப்புவேன் என்று வையுங்கள். அது முழுக்க உங்கள் கையில். அனுப்பிய தேதியை ஒரு நோட்டில் குறித்துவிட்டு அன்றே அடுத்த கதையைத் தொடங்குங்கள். நாலு மாதம் ஆகிவிட்டதால் பணிவாக ஒரு நினைவூட்டல் அனுப்பலாம், அதில் தவறே இல்லை. சிறுகதைப் போட்டிகளுக்கும் அனுப்புங்கள். பரிசு வராவிட்டாலும் கடைசித் தேதி என்ற ஒன்று நம்மைக் கதையை முடிக்க வைக்கும்.

அக்கா, டொராண்டோவில் தாதியாக வேலை. 2009இல் வன்னியில் இருந்தனாங்கள். அதை எழுத வேணும், ஆனால் உட்கார்ந்தால் ஏலாமல் கிடக்கு. எழுதாமல் விட்டால் போனவர்களுக்குத் துரோகம் செய்வது போல இருக்கு.

தங்கச்சி, முதலில் அந்தத் துரோகம் என்ற எண்ணத்தை இறக்கி வையுங்கள். யாருக்கும் நீங்கள் தேதி போட்டுக் கடன் தீர்க்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொன்ன நேர அட்டவணை எதுவும் உங்களுக்கு வேண்டாம்.

எழுத மனம் இருந்தால் நேராக அந்த நாட்களுக்குள் போகாதீர்கள். அதற்கு முந்தின வீட்டு முற்றத்தை எழுதுங்கள். கிணற்றடி, அம்மா சமைத்தது, பள்ளிக்கூடத்துக்குப் போன பாதை. 'நான்' என்று எழுத முடியாவிட்டால் 'அவள்' என்று எழுதுங்கள். இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்து, அடித்ததும் எழுந்து வீட்டில் யாரோடாவது தேநீர் குடியுங்கள். இரவுப் பணி முடிந்து வந்த உடனே எழுத வேண்டாம், உடம்பும் மனசும் களைத்திருக்கும் நேரம் அது. எழுதிய பிறகு தூக்கம் கெட்டாலோ, பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வந்தாலோ, நிறுத்திவிட்டு ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். மருத்துவமனையில் இருப்பவர், உங்களுக்கு வழி தெரியும். அந்த முற்றத்தோடு நிறுத்திக்கொண்டாலும் அது முழுமையான எழுத்துதான்.

அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன் நிறைய எழுதினேன். இப்போது ஒன்றுமே இல்லை. திரும்ப வருமா அக்கா?

சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொண்டே எழுதியவர். அறுபதுகளின் கடைசியில் சில ஆண்டுகள் எழுதாமலே இருந்தார். முதல் நாவலுக்கும் இரண்டாவதற்கும் நடுவே 15 ஆண்டுகள்: 1966இல் 'ஒரு புளியமரத்தின் கதை', 1981இல் 'ஜே.ஜே: சில குறிப்புகள்'. இரண்டாவது முதலாவதைப் போலவே இல்லை. இடைவெளிக்குப் பிறகு வருகிறவர் பழைய இடத்திலிருந்து தொடர வேண்டும் என்று கட்டாயம் கிடையாது.

அதனால் பாதியில் நின்ற பழைய கதையைத் திறக்க வேண்டாம். சில நாட்கள் படியுங்கள். பிடித்த பத்திகளைக் கையால் நோட்டில் எழுதுங்கள், பேனா பிடிக்கும் பழக்கம் திரும்பட்டும். பிறகு அம்மாவின் கைப்பக்குவத்தில் ஒன்றை, குழம்போ ஊறுகாயோ, எப்படிச் செய்வார் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். எழுத்தில் மட்டுமல்ல, மற்ற எதிலும் நாட்டமில்லை, சாப்பாடு தூக்கம் சரியில்லை என்ற நிலை இருந்தால் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு பக்கம் எழுதியானதும் எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.