பக்க வேலைக்கு நோட்டீஸ்: நீங்கள் ‘இல்லை’ என்று டிக் போட்ட படிவம் என்ன கேட்டது?

கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாக டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். எனக்குக் கீழே யாரும் இல்லை. மூன்று வருடமாக ஒரு விளையாட்டுச் செய்தித் தளத்துக்கு கிரிக்கெட், கபடி ஆட்டச் செய்திகள் எழுதுகிறேன். செய்திக்கு இவ்வளவு என்று பணம் வரும். ஞாயிறு காலைகளில் ஒரு பள்ளியின் சியர்லீடிங் (நடனமும் மனித அடுக்குகளும் கலந்த உற்சாக ஆட்டம்) அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன், மாதாமாதம் தருகிறார்கள். பொறாமை பிடித்த சக ஊழியர் ஒருவர் என் பெயரில் வந்த செய்திகளை மேனேஜருக்கு அனுப்பிவிட்டார். “எழுத்து மூல அனுமதி இல்லாமல் வேறு வேலை செய்தீர்கள், ஆண்டு உறுதிமொழியிலும் மறைத்தீர்கள், மூன்று நாளில் விளக்கம் தரவும்” என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. வேறு வேலை உண்டா என்று கேட்ட அந்த உறுதிமொழிப் படிவத்தில் ‘இல்லை’ என்றுதான் டிக் போட்டிருந்தேன். எங்கள் ஆபீஸில் ராத்திரியில் கார் ஓட்டுகிறவர்கள்கூட இருக்கிறார்கள். எனக்கு இரண்டு வருடமாகச் சம்பள உயர்வே இல்லை. “ராஜினாமா கொடுத்தால் முடிந்துவிடும்” என்று ஹெச்.ஆர். போனில் சொல்கிறார். குழந்தைகளுக்கு மூன்று வாரத்தில் போட்டி இருக்கிறது. என் சொந்த நேரத்தில் நான் என்ன செய்தால் இவர்களுக்கு என்ன? வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் வழக்குக்கு வேண்டிய விஷயம் ஒன்றுதான். ஆண்டு உறுதிமொழிப் படிவத்தில் ‘இல்லை’ என்று டிக் போட்டிருக்கிறீர்கள். அந்தப் படிவம் எந்த வார்த்தையில் கேள்வி கேட்டது என்பதை நீங்கள் எழுதவில்லை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பொறாமைக்காரர் யார் என்பது எந்த விசாரணையிலும் எடுபடாது. செய்தியில் உங்கள் பெயர் இருக்கிறது, யார் காட்டிக்கொடுத்தாலும் அது ஒன்றுதான். சம்பள உயர்வு தராதது அனுமதியில்லாமல் வேறு வேலை செய்ய உரிமை தராது. கார் ஓட்டுகிற சகாக்களைப் பற்றிப் பதிலில் ஒரு வரிகூட எழுத வேண்டாம். அதனால் உங்கள்மீதான குற்றச்சாட்டு குறையாது, நாளைக்கு உங்களுக்குச் சாட்சி சொல்ல வேண்டியவர்களும் எதிரிகளாகிவிடுவார்கள். தண்டனை அளவுக்கு மீறியது என்று வாதாடும் கட்டம் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

‘என் சொந்த நேரம்’ என்ற வாதத்தையும் விட்டுவிடுங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 27-ஆம் பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அதைப் படித்துவிட்டுத் தெம்பாக வருகிறவர்கள் நிறைய. ஆனால் வேலையில் இருக்கும் காலத்துக்குப் போடப்படும் கட்டுப்பாடு பொதுவாகச் செல்லும் என்று 1967-லேயே நிரஞ்சன் சங்கர் கோலிகாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலையை விட்ட பிறகும் தொடரும் தடைதான் செல்லாது. 2006-இல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் சம்பந்தப்பட்ட பெர்செப்ட் டி’மார்க் வழக்கில் வந்த தீர்ப்பு அதைச் சொல்கிறது. சம்பளம் வாங்குகிற வரைக்கும் நிறுவனம் உங்களைக் கட்டுப்படுத்தலாம், வெளியே வந்த மறுநாளிலிருந்து நீங்கள் எழுதுவதையோ பயிற்சி கொடுப்பதையோ தடுக்க முடியாது. பேரம் பேசும்போது இது கைகொடுக்கும்.

இப்போது படிவத்துக்கு வருவோம். அனுமதி வாங்காமல் பக்க வேலை பார்த்தது ஒரு விதிமீறல். கேட்டபோது பொய் சொன்னது நேர்மையின்மை. முதலாவதற்கு எச்சரிக்கையோடு விட்டுவிட இடமுண்டு. இரண்டாவது நிரூபணமானால் வேலைநீக்கத்தை நியாயப்படுத்துவது நிறுவனத்துக்குச் சுலபம். 2022 செப்டம்பரில் விப்ரோ 300 பேரை நீக்கியபோது, அவர்கள் போட்டி நிறுவனங்களுக்கு வேலை செய்தார்கள் என்பதைத்தான் காரணமாகச் சொன்னது. கபடிச் செய்தி எழுதுகிற உங்கள்மீது அதைச் சொல்ல முடியாது. அதனால்தான் நோட்டீஸை எழுதியவர் ‘மறைத்தீர்கள்’ என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறார். உங்களை வீட்டுக்கு அனுப்பக்கூடிய சொல் அதுதான்.

“வேறு நிறுவனத்தில் பணியாளராக இருக்கிறீர்களா?” என்று படிவம் கேட்டிருந்தால், செய்திக்கு இவ்வளவு என்று வாங்கியவர் ‘இல்லை’ என்றது பொய்யாகாது. பணியாளராக இருப்பது வேறு, தொழில்முறையில் கட்டணம் வாங்கிக்கொண்டு சேவை தருவது வேறு. “ஊதியம் பெற்றோ பெறாமலோ வேறு எந்தத் தொழிலிலோ செயலிலோ ஈடுபட்டிருக்கிறீர்களா?” என்று கேட்டிருந்தால் தப்பிக்க வழியில்லை. மூன்று வருடத்தில் படிவத்தின் வாசகம் மாறியும் இருக்கலாம். ஒவ்வொரு வருடத்துப் படிவமும் தனித்தனியாக வேண்டும்.

முதல் வாசகம்தான் இருக்கிறது என்றால் உங்கள் பணவரவு எந்த வடிவில் வந்தது என்பதே சாட்சி. விளையாட்டுப் பத்தி எழுதுபவர்கள், பயிற்சியாளர்கள், வர்ணனையாளர்கள் ஆகியோரின் சேவையைத் தொழில்முறைச் சேவையாக மத்திய நேரடி வரிகள் வாரியம் 2008-இலேயே அறிவித்திருக்கிறது. தளம் உங்களுக்கு 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்துத் தொழில்முறைக் கட்டணமாகக் கணக்கில் காட்டியிருந்தால் அது உங்களுக்கு நல்ல ஆதாரம். பள்ளி விஷயம் அப்படி இல்லாமல் போகலாம். பகுதிநேர ஆசிரியர் என்று நியமனக் கடிதம் கொடுத்திருக்கிறதா, சம்பளப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா, பிஎஃப் கட்டுகிறதா என்று பாருங்கள். இன்றைக்கே உங்கள் யுஏஎன் (பிஎஃப் அடையாள எண்) கணக்கைத் திறந்து பணி வரலாற்றைப் பாருங்கள். ஒரே காலத்துக்கு இரண்டு நிறுவனங்களின் பெயர் இருந்தால், நீங்கள் இரண்டு இடத்தில் பணியாளர் என்று அரசு ஆவணமே சொல்கிறது. ‘நான் பணியாளர் இல்லை’ என்று எழுதிய பிறகு அது வெளியே வந்தால், பழைய பொய்யோடு ஒரு புதிய பொய்யும் சேரும்.

வருமான வரிக் கணக்கையும் எடுத்து வையுங்கள். தொழில் வருமானம் காட்ட இடமில்லாத ஐடிஆர்-1 படிவத்தைப் போட்டுவிட்டு, எழுத்து வருமானத்தை ‘பிற வருமானம்’ என்று தள்ளியிருந்தாலோ காட்டாமலே விட்டிருந்தாலோ, ‘இது தொழில்முறைக் கட்டணம்’ என்ற உங்கள் வாதத்தை உங்கள் கையெழுத்தே மறுக்கும். திருத்திய கணக்கோ புதுப்பித்த கணக்கோ போட இன்னும் காலம் இருக்கிறதா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். ஆனால் நோட்டீஸுக்குப் பதில் எழுதும் முன் அவசரமாகத் திருத்தினால் தேதி பல்லிளிக்கும். எது முதலில், எது பிறகு என்பதை வக்கீலும் ஆடிட்டரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

இனி, பெரும்பாலானவர்கள் விழும் குழியைச் சொல்கிறேன். இந்த மாதிரி வழக்குகளைக் கெடுப்பது பக்க வேலை இல்லை. நோட்டீஸ் வந்த முதல் 72 மணி நேரத்தில் செய்கிற காரியங்கள்தான் கெடுக்கின்றன.

முதலாவது, அழுதுகொண்டே எழுதும் மெயில். “ஆமாம், எழுதினேன், குடும்பக் கஷ்டம், மன்னித்துவிடுங்கள், இனி செய்ய மாட்டேன்” என்று ராத்திரி பதினொரு மணிக்கு அனுப்புகிறார்கள். மேனேஜர் மனம் இளகும் என்று நம்புகிறார்கள். அந்த மெயிலைப் படிப்பவர் மேனேஜர் இல்லை, நிறுவனத்தின் வக்கீல். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 41-இன்படி, ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. முன்னறிவிப்பு இல்லாமல் அனுப்ப வேண்டுமானால் விசாரணை நடத்தி, சாட்சியம் பதிவுசெய்து, நடத்தைக்கேட்டை நிரூபிக்க வேண்டும். நிறுவனத்துக்கு அதில் சிரமம் இருக்கிறது. அந்தச் சிரமம்தான் உங்கள் பாதுகாப்பு. நிபந்தனையில்லாமல் ஒப்புக்கொண்டு மெயில் அனுப்பினால் அதை நீங்களே நீக்கிக் கொடுத்துவிடுகிறீர்கள். ‘மன்னிப்பு’ என்ற சொல் போதும், ‘மறைத்தீர்கள்’ என்பதற்கு ஆதாரம் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது, அழிப்பது. தளத்திலிருந்து செய்திகளை எடுக்கச் சொல்வது, பெயரை மாற்றச் சொல்வது, ஆபீஸ் லேப்டாப்பில் இருந்த வரைவுகளை டெலிட் செய்வது. நோட்டீஸ் அனுப்பும் முன்பே அவர்கள் திரையைப் படம் பிடித்து வைத்திருப்பார்கள். லேப்டாப்பில் நீங்கள் அழித்ததும் பதிவாகும், எந்த நிமிடத்தில் அழித்தீர்கள் என்பதும் பதிவாகும். எச்சரிக்கையோடு போயிருக்க வேண்டிய விஷயம் அங்கே சாட்சியத்தை அழித்த விஷயமாகிவிடும்.

மூன்றாவது, இதைவிட மோசமானது. தளத்தின் ஆசிரியரிடமோ பள்ளியிடமோ “இவர் இலவசமாகச் செய்தார்” என்று முன்தேதியிட்டுக் கடிதம் வாங்குவது. உங்கள் வங்கிக் கணக்கே அதைப் பொய்யாக்கும். வேலை போகிற விவகாரம் போலி ஆவணக் குற்ற வழக்காக மாறும். நல்ல எண்ணத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தவரும் மாட்டிக்கொள்வார். தயவுசெய்து யாரிடமும் இதைக் கேட்காதீர்கள்.

ஆகவே மூன்றாம் நாளுக்குள் போக வேண்டிய பதில் ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம். நிறுவனத்துக்கு இப்படி எழுதுங்கள்: நோட்டீஸ் கிடைத்தது, அதில் குறிப்பிட்ட நியமனக் கடிதம், நான் ஏற்ற தேதியில் இருந்த கொள்கை ஆவணம், ஒவ்வொரு ஆண்டின் உறுதிமொழிப் படிவம், நீங்கள் நம்பும் ஆதாரங்கள் ஆகியவற்றின் நகல் தேவை, கிடைத்த நாளிலிருந்து ஏழு நாளில் விரிவான பதில் தருகிறேன், இந்தக் கடிதத்தை எதையும் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளக் கூடாது. அவ்வளவுதான். ஆபீஸ் மெயிலில் அனுப்பும் அன்றே உங்கள் சொந்த மெயிலுக்கும் ஒரு நகல் போட்டு வையுங்கள். லாக்-இன் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். வாடிக்கையாளர் சம்பந்தப்பட்ட கோப்பு எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள், அது தனிக் குற்றச்சாட்டாகும்.

நகல்களுக்குக் காத்திருக்கும்போது ஒரு வேலை. நீங்கள் எழுதிய எல்லாச் செய்திகளையும் வெளியான தேதி, நேரத்தோடு ஒரு பட்டியலாக்குங்கள். பக்கத்தில் அன்றைய உங்கள் ஷிப்டையும் விடுப்பையும் எழுதுங்கள். புதன்கிழமை மாலை 4.10-க்கு வெளியான ஆட்டச் செய்தியும், அதே நாள் 2 முதல் 6 வரை டெஸ்டிங் செய்ததாக நீங்கள் பதிந்த டைம்ஷீட்டும் ஒரே தாளில் எதிரெதிரே நிற்கும்போது ‘சொந்த நேரம்’ என்ற பேச்சு முடிந்துவிடும். அப்படி எத்தனை இருக்கின்றன என்பது நிறுவனத்துக்குத் தெரியும் முன் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அந்த எண்ணிக்கையும் படிவத்தின் வாசகமும்தான் சண்டையா சமரசமா என்பதை முடிவு செய்யும். படிவம் ‘பணியாளர்’ என்று மட்டும் கேட்டு, பள்ளி பிஎஃப் கட்டாமல், வேலை நேரத்துச் செய்திகளும் ஒன்றிரண்டே என்றால் விசாரணையைச் சந்திக்கலாம். நீக்கினால் மேலே சொன்ன கடைகள் சட்டத்தின் பிரிவு 41(2)-இன்கீழ் மேல்முறையீடு உண்டு. நிர்வாகப் பொறுப்பில் இல்லாத உங்களுக்கு அந்த வழி திறந்தே இருக்கிறது. கெடு குறுகியது, ஆணை கைக்கு வந்த தேதியைக் குறித்து வையுங்கள். படிவம் ‘எந்தச் செயலும்’ என்று கேட்டு, மூன்று வருடமும் ‘இல்லை’ என்றிருந்தால் சண்டை போடாதீர்கள். சமரசமாகப் போங்கள். நியாயம் யார் பக்கம் என்பது வேறு கேள்வி. தோற்றால் ‘நேர்மையின்மைக்காக நீக்கப்பட்டவர்’ என்ற வரி அடுத்த நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பில் வரும். அதை அழிக்க முடியாது.

ஆனால் ஹெச்.ஆர். போனில் சொன்னது சமரசம் இல்லை. போனில் கேட்ட வாக்கை நம்பி ராஜினாமாவை அனுப்பிவிட்டால் பிறகு பேரம் பேச உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. தானாக விலகியவருக்குப் பிரிவு 41 உதவாது. முதலில் நிபந்தனைகள் மெயிலில் வரட்டும். நோட்டீஸ் திரும்பப் பெறப்படுகிறது என்ற வரி, ரிலீவிங் லெட்டரிலும் அனுபவச் சான்றிதழிலும் இருக்கப்போகும் வாசகம், நோட்டீஸ் கால சம்பளத்தைப் பிடிப்பார்களா இல்லையா, பின்னணிச் சரிபார்ப்புக்கு ‘ராஜினாமா’ என்று மட்டும் பதில் தருவோம் என்ற உறுதி எல்லாம் அதில் வேண்டும். மறுபணிக்குத் தகுதி உண்டா என்ற கட்டத்தில் என்ன எழுதுவார்கள் என்றும் கேளுங்கள். பலர் இதைக் கேட்காமல் விட்டு, அடுத்த வேலையில் ஆஃபர் ரத்தான பிறகு ஓடி வருகிறார்கள். வேலைக் காலத்தில் உருவாக்கிய படைப்பெல்லாம் நிறுவனத்துக்கே என்ற பிரிவு உங்கள் நியமனக் கடிதத்தில் இருந்தால், ஆட்டச் செய்திகள்மீது உரிமை கோர மாட்டோம் என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். ராஜினாமாக் கடிதத்தில் ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

ராஜினாமா கேட்காமல் எச்சரிக்கையும் உறுதிமொழிக் கடிதமும் போதும் என்றார்களானால் ஏற்றுக்கொள்ளுங்கள், வாசகத்தைப் பார்த்துவிட்டு. “உள்நோக்கத்துடன் மறைத்தேன்” என்றிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். “முன் அனுமதி பெறத் தவறினேன், இனி அனுமதியின்றி ஈடுபட மாட்டேன்” என்றால் போடலாம்.

குழந்தைகளின் போட்டி பற்றி எழுதியிருந்தீர்கள். நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு மைதானத்துக்குப் போனால் அது தெரிந்தே செய்த மீறல். பணம் வாங்காமல் போனாலும் ‘ஊதியம் பெறாமலோ’ என்ற சொல் இருந்தால் அதே கதிதான். அதே சமயம் பாதியில் விட்டுவிட்டு வரவும் முடியாது. ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறும் அடுக்கைப் பழகிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைத் தெரியாத ஒருவர் கையில் விட்டால் விழுந்து அடிபடுவார்கள், அந்தக் கேள்வியும் உங்களிடம்தான் வரும். இன்றே பள்ளிக்கு எழுதுங்கள்: யார் எந்த இடத்தில் நிற்கிறார்கள், யார் பிடிக்கிறார்கள், எந்த அடுக்கு இன்னும் கைவரவில்லை என்ற குறிப்போடு பொறுப்பை வேறு பயிற்சியாளரிடம் கொடுங்கள், கைவராத அடுக்கைப் போட்டியிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். போட்டி நாள் ஒன்றுக்கு மட்டும் பார்வையாளராகப் போக நிறுவனத்திடம் தனி மெயிலில் அனுமதி கேளுங்கள். பதில் வராவிட்டால் போக வேண்டாம்.