கேளுங்க, அக்கா சொல்றேன்: 'பசியின்மை'ன்னு எழுதலாமா?

கேள்வி: அக்கா, நான் சுங்கை சிப்புட் பக்கத்துல எஸ்டேட்ல வளர்ந்த பொண்ணு, இப்ப நர்சிங் படிக்கிறேன். லீவுல தமிழ் விக்கிப்பீடியாவுல எழுதுவேன். அனோரெக்ஸியா, அதான் எடை ஏறிடுமோன்னு பயந்து சாப்பாட்ட ஒதுக்குற மனநோய், அதப் பத்தி ரெண்டு வாரம் உக்காந்து ஒரு கட்டுரை எழுதுனேன், எத்தன கிலோவுக்கு இறங்குறாங்க, ஒரு நாளைக்கு எத்தன கலோரி, வீட்டுக்குத் தெரியாம எப்படி சமாளிக்கிறாங்கன்னு எல்லாம் விவரமா போட்டேன். இன்னொருத்தர் வந்து பாதிய தூக்கிட்டாரு. உண்மையதானே எழுதுனேன், மறைக்கச் சொல்றாங்களா?

பதில்: தங்கச்சி, ரெண்டு வாரம் எழுதுனத ஒரே நிமிசத்துல தூக்குனா வயிறு எரியத்தான் செய்யும். ஆனா தூக்குனவரு பக்கம்தான் நான் நிக்கிறேன், ஏன்னு சொல்றேன் கேளு.

பல வருசத்துக்கு முன்னாடி இதே பகுதியில நானும் ஒரு பொண்ணோட கதைய எழுதுனேன், பேரு போடல, ஊரு போடல, ஆனா அவ எத்தன கிலோவுல ஆஸ்பத்திரிக்கு போனான்னு எண்ண மட்டும் போட்டேன், படிக்கிறவங்க அதிரணும்னு. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு அம்மா போன் பண்ணாங்க. அவங்க மக அந்தப் பக்கத்த வெட்டி அலமாரி கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வெச்சிருக்கா, எண்ணச் சுத்தி சிவப்பு பேனாவுல ஒரு வட்டம். நான் பயமுறுத்தப் போட்ட எண்ணு அவளுக்கு டார்கெட் ஆயிடுச்சு. அந்த அம்மா என்னைத் திட்டக்கூட இல்ல, "இனிமே எண்ணு போடாதீங்கம்மா"ன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சிட்டாங்க.

எடை, கலோரி, ஒளிச்சு வைக்கிற வழி, இதெல்லாம் சும்மா படிக்கிறவனுக்கு எதுக்கும் உதவாது, அந்த நோயில இருக்குற புள்ளைக்கு மட்டும்தான் ராத்திரி ரெண்டு மணிக்கு உதவும், அதுவும் தப்பான பக்கம். விக்கிப்பீடியாவுல சென்சார் கிடையாதுன்னு ஒரு கொள்கை இருக்கு, சரி, ஆனா அது செய்முறை புத்தகம் இல்லன்னும் இன்னொரு கொள்கை இருக்கு லா.

எழுத வேண்டியது நெறைய இருக்கு. வாந்தி எடுத்துக்கிட்டே இருந்தா ஒடம்புல பொட்டாசியம் இறங்கும், இதயத்துடிப்பு தடுமாறும்னு எழுது. ரொம்ப நாள் பட்டினி கிடந்தவங்களுக்கு திடீர்னு நெறைய குடுத்தா ரத்தத்துல பாஸ்பேட் சரிஞ்சு உயிருக்கே ஆபத்தாகலாம்னு எழுது, ஏன்னா நம்ம ஆளுங்க "புடிச்சு ஊட்டுங்க, எல்லாம் சரியாயிடும்"பாங்க. மனநோய்கள்ல உயிரக் குடிக்கிறதுல இது முன்வரிசையில இருக்குன்னும் எழுது. 1944-45ல அமெரிக்காவுல மினசோட்டாவுல 36 ஆம்பளைங்க தாங்களா முன்வந்து ஆராய்ச்சிக்காக ஆறு மாசம் அரைப்பட்டினி கிடந்தாங்க, நல்லா இருந்த ஆளுங்கதான், கடைசியில நாள் முழுக்க சாப்பாட்டு நெனப்பு, சமையல் புத்தகத்த வெச்சு படிச்சிக்கிட்டு இருந்தாங்க. பட்டினியே மனச எப்படித் திருப்பும்னு காட்ட அந்த ஒண்ணு போதும், "கொழுப்பெடுத்து பண்றா"ன்னு பேசுறவங்க வாயும் அடையும்.

கேள்வி: சரிக்கா. தலைப்புல 'பசியின்மை'ன்னு போட்டேன், அதையும் மாத்தச் சொல்றாங்க.

பதில்: மாத்து. இந்தக் குழப்பம் தமிழ்ல மட்டும் இல்ல, மூலத்துலயே இருக்கு. 1873ல லண்டன் டாக்டர் வில்லியம் கல் 'அனோரெக்ஸியா'ன்னு பேரு வெச்சாரு, அந்த கிரேக்க வார்த்தைக்கு பசி இல்லங்கிறதுதான் அர்த்தம். ஆனா பெரும்பாலும் இவங்களுக்கு பசிக்கும், நல்லாவே பசிக்கும், எடை ஏறிடுமோங்கிற பயம் பசிய அமுக்கி வெச்சிருக்கும். காய்ச்சல்ல சோறு எறங்காம கிடக்குறதுதான் பசியின்மை. அதையே தலைப்பா போட்டா ஒரு அம்மா படிச்சிட்டு சீரகத் தண்ணி போட்டுக் குடுத்துட்டு சும்மா இருந்துடுவாங்க. 'அனோரெக்ஸியா நெர்வோசா'ன்னே தமிழெழுத்துல போட்டு, மொத வரியிலயே பயத்த சொல்லிடு. 'விரதம்', 'டயட்டு'ங்கிற வார்த்தைங்கள பக்கத்துலயே விடாத.

அளவில்லாம சாப்பிட்டுட்டு, எடை ஏறக்கூடாதுன்னு வாந்தி எடுக்குறது மாதிரி வழியில வெளியேத்தப் பாக்குற நோய் புலிமியா. அதுக்கு 1979ல ஜெரால்டு ரஸ்ஸல்ங்கிற டாக்டர் பேரு வெச்சாரு, கட்டுப்பாடில்லாம சாப்பிடுற நோய 2013லதான் அமெரிக்க மனநல கையேடு தனி நோயா சேத்துச்சு. இந்த ரெண்டுலயும் ஆளு பாக்க சாதாரணமா, குண்டாக்கூட இருக்கலாம். இத ஒரு வரியில முடிச்சிடாத.

ஆதாரத்துக்கு பேப்பர் செய்தி வேணாம், ஒரே ஒரு ஆராய்ச்சியும் பத்தாது, பல ஆராய்ச்சிய சேத்துப் பாத்து எழுதுன மருத்துவக் கட்டுரைங்கள தேடு, அதுலயும் புதுசா உள்ளத. உன் சொந்தக்காரப் பொண்ணு கதை அங்க போகாது, என் அலமாரி கதையும் போகாது. சினிமாக்காரங்க விசயத்துல ரொம்ப உசாரு. இங்கிலாந்து இளவரசி டயானா 1995 டிவி பேட்டியில தன் புலிமியாவ தானே சொன்னாங்க, அது எழுதலாம். கோலிவுட்டு நடிகை இளைச்சிட்டா, உடனே வியாதின்னு நீ முடிவு பண்ணக்கூடாது, உயிரோட இருக்குறவங்க அவங்க.

கேள்வி (பீடோர்ல இருந்து ஒரு அம்மா): ஆம்பளப் புள்ளைக்கும் இது வருமா? என் மவன் ஜிம்முக்குப் போறான், வீட்டுச் சாப்பாட தொடறதே இல்ல, கேட்டா கத்துறான்.

பதில்: வரும்மா. ஜிம்முக்குப் போறவன் எல்லாருக்கும் வியாதின்னு சொல்ல வரல. ஆனா மயக்கம் வருது, நெஞ்சு படபடங்குது, சாப்பாடுன்னாலே சண்டைன்னா பக்கத்துல உள்ள கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போங்க, எடைய மட்டும் பாத்து அனுப்பிட்டா ரத்தப் பரிசோதனையும் கேளுங்க. மனசுவிட்டுப் பேச 15555, சுகாதார அமைச்சோட ஹீல் லைன். சாப்பாட்டு மேசையில மட்டும் எடை பேச்ச எடுக்காதீங்க, கல்யாண வீட்டுல "என்னடா இப்படி இளைச்சிட்ட"ன்னு கேக்குற அத்தைங்களையும் கொஞ்சம் தடுங்க.

கேள்வி: (முதல் தங்கச்சிதான்) கடைசியா ஒண்ணுக்கா. கட்டுரைக்கு எலும்புந்தோலுமா ஒரு பொண்ணு படம் வெச்சிருக்கேன், இருக்கட்டுமா?

பதில்: எடுத்துடு. அதப் பாக்குற புள்ள "நான் இவ்ளோ ஒல்லி இல்லையே, அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னுதான் நெனைக்கும். இன்னைக்கே எடுத்துடும்மா.