ஈயின் முள்மயிர் எண்ணிக்கை ஏன் முட்டி நிற்கிறது?

ஐயா,

பழ ஈக்களில் அடிவயிற்று முள்மயிர் அதிகமுள்ளவற்றையே தலைமுறைதோறும் பெற்றோராக எடுத்து வளர்க்கிறோம். முதலில் விறுவிறுவென ஏறிய சராசரி இப்போது பல தலைமுறையாக அசையவில்லை. மரபு வேறுபாடு தீர்ந்துவிட்டது என்று அறிக்கையில் எழுதலாமா?

க., முதுகலை விலங்கியல்

அன்புள்ள க.,

அவசரப்பட வேண்டாம். மரபியலாளர்கள் மேதரும் ஹாரிசனும் 1949இல் வெளியிட்ட இதே மாதிரிச் சோதனையில் முள்மயிர்ச் சராசரி 20 தலைமுறைகளில் 36இலிருந்து 56க்கு ஏறியது. கூடவே மலட்டுத்தன்மையும் ஏறியதால் தேர்வை விட்டார்கள்; மயிர் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. வேறுபாடு தீர்ந்த கூட்டத்தில் இப்படிச் சரிய வழியே இல்லை.

உங்கள் கூட்டத்திலும் ஒரு கிளையைத் தேர்வில்லாமல் விடுங்கள். இன்னொன்றில் மயிர் குறைந்தவற்றைத் தேருங்கள். இரண்டுமே நகராவிட்டால் மட்டும் ‘தீர்ந்தது’ என்று எழுதுங்கள்.

நகர்ந்தால், என் முதல் சந்தேகம் கொல்லி மரபணுமீதுதான். ஒற்றைப் பிரதியில் மயிரைக் கூட்டும், இரட்டைப் பிரதியில் கொல்லும். நீங்கள் பொறுக்கும் பெற்றோர் அனைவரும் ஒற்றைப் பிரதிக்காரர்கள் என்று வையுங்கள்: பிள்ளைகளில் கால்பங்கு சாகும், பிழைத்ததில் மூன்றில் இரண்டு மறுபடி ஒற்றைப் பிரதி. எத்தனை தலைமுறை தேர்ந்தாலும் இதே விகிதம்தான். சராசரி எங்கே ஏறும்?

இரண்டாம் குரோமோசோமைச் சோதிக்க, ஒரு ஆணைச் சுருள் இறகு பேலன்சர் (இணைக் குரோமோசோமுடன் துண்டு மாற்றிக்கொள்வதைத் தடுக்கும், சுருள் இறகால் அடையாளம் காட்டும், இரட்டைப் பிரதியில் கொல்லும் குரோமோசோம்) உள்ள பெண்களுடன் கலந்து, சுருள் இறகு மகன் ஒன்றை மட்டும் எடுத்து மறுபடி பேலன்சருடன் கலக்கவும். அதில் உங்கள் குரோமோசோமை வாங்கிய சுருள் இறகுப் பிள்ளைகளைத் தங்களுக்குள் கலக்கவும். கொல்லி இல்லையேல் சுருளும் நேரும் 2:1. நேர் இறகே வராவிட்டால் கொல்லி இருக்கிறது. ஒரு ஆணோடு நிறுத்தாதீர்கள், பல ஆண்களில் செய்யுங்கள். மூன்றாவதற்குத் தனி பேலன்சர் வேண்டும்.

இதற்கெல்லாம் முன் கையிருப்பைச் சரிபாருங்கள். 25 டிகிரியில் குப்பியிலுள்ள வளர்ந்த ஈக்களை நீக்கிக் காலி செய்து, 8 மணி நேரத்துக்குள் புதிதாக வெளிவந்த பெண்களைப் பிரிக்காவிட்டால் அவை கண்ட ஆணுடனும் சேர்ந்திருக்கும். ஆண் பக்கத் தேர்வு அத்தனையும் வீண். எண்ணும் இடத்தையும் கவனியுங்கள்: ஆணின் ஆறாம் அடிவயிற்றுத் தகட்டில் மயிர் கிடையாது. ஆணில் 4, 5, பெண்ணில் 5, 6 என எண்ணுவது வழக்கம். பெண்ணில் மயிர் அதிகம் என்பதால் இரு பாலையும் ஒரே பட்டியலில் வரிசைப்படுத்தக் கூடாது.