மாநகராட்சியில் பணம் இல்லை என்கிறார்கள். அரசு எப்படி உதவும்?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் வேலை பாதியில் நிற்கிறது. பில் பாஸ் ஆகவில்லை என்று ஒப்பந்ததாரர் போய்விட்டார். "மாநகராட்சியில் நிதி இல்லை, அரசு கொடுத்தால்தான் உண்டு" என்கிறார் கவுன்சிலர். அரசுப் பணம் எப்படி வருகிறது? நாங்கள் யாரிடம் என்ன கேட்பது?

பதில்: "நிதி இல்லை" என்ற ஒரு வரியோடு திரும்பிவிடாதீர்கள். எந்த நிதியில் இல்லை என்று கேளுங்கள். மாநகராட்சிக் கணக்கில் வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி என மூன்று தனித்தனியாக உண்டு. நீங்கள் கட்டும் சொத்துவரியே இந்த மூன்றுக்கும் பிரிந்துதான் போகிறது. ஒன்றில் இருப்பு இருக்கும்போதே இன்னொன்றில் சம்பளத்துக்குத் திண்டாட்டமாக இருக்கலாம்.

அரசிடமிருந்து வரும் பணத்தில் முதன்மையானது மாநில நிதிக்குழு மானியம். அரசியலமைப்பின் 243-I என்ற பிரிவின்படி 5 ஆண்டுக்கு ஒருமுறை நிதிக்குழு அமைத்து, அதன் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குப் பங்கு தரவேண்டும். தமிழ்நாட்டில் மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கென ஒதுக்கும் நடைமுறை உள்ளது. ஆகவே இதை யாரும் சலுகையாக நினைக்க வேண்டாம், உரிமைப் பங்கு. ஆனால் ஒதுக்கிய தொகை முழுதாகக் கைக்கு வராது. குடிநீர் வாரியத்துக்கான பாக்கி, மின்கட்டண நிலுவை, பழைய கடன் தவணை, ஓய்வூதியப் பங்களிப்பு போன்றவற்றைச் சென்னையிலேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தை விடுவிப்பது உண்டு. மேட்டூரிலிருந்து காவிரி நீரை ஏற்றிக் கொண்டுவரும் சேலம் போன்ற ஊருக்கு இந்தப் பிடித்தம் லேசானதல்ல. ஆணையில் ஒரு தொகையும் வங்கியில் வேறு தொகையும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது மத்திய நிதிக்குழு மானியம். 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 8.29 லட்சம். பத்து லட்சத்துக்குக் கீழுள்ள நகரங்களுக்கு, 2021 முதல் 2026 மார்ச் வரைக்கான 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்துக்கு நிபந்தனை வைத்தார்கள். அதில் பாதி துப்புரவு, திடக்கழிவுக்கு. மறுபாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. அந்தப் பணத்தில் தெருவிளக்கு போட முடியாது. மீதி 40 சதவீதத்தை உள்ளூர்த் தேவைக்குச் செலவிடலாம், ஆனால் சம்பளம் கொடுக்கக் கூடாது. இந்த மானியத்தைப் பெற வரவுசெலவுக் கணக்கை இணையத்தில் வெளியிட்டிருக்க வேண்டும். சொத்துவரி வசூலும் மாநில உற்பத்தி வளர்ச்சிக்கு ஈடாக உயர வேண்டும். 2022 ஏப்ரலில் வீட்டு வரி 25 முதல் 100 சதவீதம் வரை ஏறியதற்கு இந்த நிபந்தனையும் ஒரு காரணம். வசூல் சுணங்கினால் வரியும் போச்சு, மானியமும் போச்சு.

உங்கள் வடிகால் பெரும்பாலும் மூன்றாவது வகையில் வரும்: திட்ட நிதி. கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் போன்றவை, அல்லது 1990-ல் தொடங்கிய டுஃபிட்கோ (அரசின் நகர்ப்புற நிதி நிறுவனம்) வழியாக வரும் கடனும் மானியமும். இப்படிப்பட்ட வேலைகளில் பணம் தவணையாகத்தான் வரும். முதல் தவணைக்குச் செய்த வேலையை அளவுப் புத்தகத்தில் (முடிந்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) பதிந்து, பயன்பாட்டுச் சான்றிதழ் (வந்த பணம் அந்த வேலைக்கே செலவானது என்ற சான்று) அனுப்பினால்தான் இரண்டாம் தவணை. ஒரு பொறியாளர் மாற்றலாகிப் போய், அளவுப் பதிவு பாதியில் நின்றால் சான்றிதழ் போகாது. சான்றிதழ் போகாவிட்டால் பணம் வராது. இன்னொரு சிக்கல், மாநகராட்சி தன் பங்கைப் போடாமல் இருப்பது. இந்த இரண்டும் சேலத்திலேயே தீர்க்க வேண்டிய விஷயங்கள். இதற்கு அரசைக் குறைசொல்வது சரியல்ல.

கடன் வாங்கிச் சமாளிக்கலாமே என்றால், 1914-ஆம் ஆண்டு உள்ளாட்சிக் கடன் சட்டப்படி அரசின் அனுமதி வேண்டும். நொடித்த மாநகராட்சியைக் காப்பாற்றத் தனிச் சட்டமும் நம் நாட்டில் இல்லை. தவணையைத் தள்ளிவைப்பதோ, கடனை மானியமாக மாற்றுவதோ, ஒவ்வொன்றும் தனி அரசாணைதான்.

இனி நீங்கள் செய்யவேண்டியது. அம்மாப்பேட்டை மண்டல அலுவலகத்தில் வேலையின் பெயர், நிர்வாக அனுமதி எண், எந்தத் திட்ட நிதி என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். தரத் தயங்கினால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. 30 நாளில் பதில் வரவேண்டும். "ஏன் வேலை நிற்கிறது?" என்று கேட்காதீர்கள், அது விளக்கம் கேட்பது என்று தட்டிக்கழிப்பார்கள். ஆவணங்களின் நகலைக் கேளுங்கள்: அளவுப் புத்தகப் பக்கங்கள், இதுவரை வந்த தவணை ஆணைகள், அனுப்பிய பயன்பாட்டுச் சான்றிதழ், வார்டின் சொத்துவரி கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியல் (கேட்ட வரி, வந்தது, பாக்கி). கடைசிப் பட்டியலைக் கட்டாயம் கேளுங்கள். பெரிய வணிகக் கட்டடங்களின் நிலுவை அதில்தான் தெரியும்.

பதில் கிடைத்ததும் பகுதி சபைக் கூட்டத்தில் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் கூட்டம்) வைத்துத் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னது கோப்பில் ஏறாது.

மிச்சமிருப்பது சிறு நீளம்தான் என்றால், அதைத் தனி வேலையாக 'நமக்கு நாமே' திட்டத்தில் எடுக்க முடியுமா என்று உதவி ஆணையரிடம் கேளுங்கள். மக்கள் பங்கு மூன்றில் ஒன்று. 9 லட்சம் மதிப்பீடு என்றால் 3 லட்சம். தெருவே சேர்ந்து போட்டாலும், கடைக்காரர் ஒருவரே போட்டாலும் சரி. பணத்தை யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காமல் மாநகராட்சிக் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். பழைய ஒப்பந்தத்தை முறைப்படி முடித்துக் கணக்கை நேர்செய்த பிறகே கட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரே வடிகாலுக்கு இரண்டு மதிப்பீடு என்று தணிக்கையில் ஆட்சேபம் எழுந்து, உங்கள் பணமும் முடங்கிவிடும்.