எலுமிச்சை சென்ட் ஏன் சீக்கிரம் பறந்துவிடுகிறது?

பெருந்துறையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 'மத்தியதரைக்கடல் கோடைக் காலை' என்று பெட்டியில் போட்ட எலுமிச்சை வாசனை சென்ட் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினாராம். காலையில் அடித்துக்கொண்டு பைக்கில் கிளம்பினால், திருப்பூர் கம்பெனியில் போய் இறங்குவதற்குள் வாசனையே இல்லை, இது டூப்ளிகேட்டா என்கிறார்.

அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாதுங்க தம்பி. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன் என்ற பொருள். அதன் மூலக்கூறு எடை 136தான், சந்தனத்தில் இருக்கும் சாண்டலாலுக்கு 220. லேசானது முதலில் ஆவியாகும், அவ்வளவுதான் விஷயம். ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் 1709 வாக்கில் ஃபரினா என்கிற இத்தாலிக்காரர் விற்க ஆரம்பித்த 'ஓ டி கொலோன்' கூட இதே சிட்ரஸ் (எலுமிச்சை, ஆரஞ்சு) வகைதான். சொந்த ஊர்ப்பக்கத்து வசந்தகாலக் காலையை நினைவுபடுத்துகிறது என்று தன் அண்ணன் தம்பிக்கே கடிதம் எழுதியவர் அவர். அந்த வாசனையும் சீக்கிரம் போய்விடும், திரும்பத் திரும்பத் தெளித்துக்கொள்வதுதான் அதன் வழக்கம்.

இதில் நம்ம ஊர் வெயிலும் காற்றும் வேறு சேர்ந்துகொள்கிறது. சித்திரை வெயிலில் தோல் சூடேறினால் ஆவியாவது வேகமாகும், ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் பைக் ஓட்டினால் கழுத்தில் அடித்தது அப்படியே பின்னால் போய்விடும். அதனால் வீட்டில் அடிக்காதீர்கள். 10 மில்லி சின்ன ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி எடுத்துப்போய், கம்பெனியில் முகம் கழுவித் துடைத்த பிறகு அடியுங்கள். வறண்ட தோலில் வாசனை நிற்காது, முதலில் வாசனையில்லாத வாசலின் கொஞ்சம் தடவிக்கொள்ளுங்கள் (தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதன் மணமே மேலே வரும்). பருத்திச் சட்டையில் தோலைவிட அதிக நேரம் இருக்கும், ஆனால் வெள்ளைச் சட்டையிலும் பட்டிலும் கறை விழலாம், உள்பக்கம் ஒரு ஓரத்தில் அடித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இன்னொன்று, நம் மூக்கு ஒரே வாசனைக்குப் பழகிவிடும், பக்கத்தில் இருப்பவரிடமும் ஒரு தடவை கேளுங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது கடையில் காகிதத்தில் அடித்து முதல் நிமிஷ வாசனைக்கு மயங்கிப் பணம் கட்டிவிடாதீர்கள். கையில் அடித்துக்கொண்டு வெளியே வந்து, ஒரு டீ குடித்து, வேறு வேலை பார்த்து, 2 மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். அப்போது மிச்சம் இருக்கும் வாசனையோடுதான் நாள் முழுக்க இருக்கப் போகிறீர்கள். அது பிடித்தால் மட்டும் வாங்குங்கள். அடி வாசனையாக வெட்டிவேர், தேவதாரு, மஸ்க் இருக்கிற சிட்ரஸ் சென்ட் அதிக நேரம் தாங்கும். என்னைக் கேட்டால் வெட்டிவேர் சேர்ந்ததைத்தான் சொல்வேன், எலுமிச்சை போன பிறகும் அந்த ஈரமண் மணம் நம் வெயிலுக்கு அத்தனை பொருத்தம்.

ஒரு எச்சரிக்கை மட்டும் கண்டிப்பாகச் சொல்லணும். வாசனை போகவே கூடாது என்று சிலர் சுத்த பெர்கமோட் எண்ணெயை வாங்கி நேராகக் கழுத்தில் தேய்க்கிறார்கள். தென் இத்தாலியின் கலாப்ரியாவில் விளைகிற சிட்ரஸ் பழம் அது, தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெயில் பெர்காப்டென் என்ற பொருள் இருக்கும். அதோடு வெயிலில் போனால் தோல் வெந்து கருந்திட்டு விழும், மறைய மாசக்கணக்கில் ஆகலாம். பெர்காப்டென் நீக்கிய எண்ணெயும் கிடைக்கிறது, ஆனால் எதுவானாலும் நீர்க்காமல் தோலில் வைக்க வேண்டாம். சென்ட் பாட்டிலையும் பைக் பெட்டியில் போட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள், சிட்ரஸ் எண்ணெய் சூட்டில் கெட்டுப்போகும், கெட்டது தோலில் அரிப்பும் கொடுக்கும். பீரோவுக்குள் இருட்டில் வைத்தால் போதும்.