12 வருடம் ஓடாமல் நின்ற அப்பாவின் 1984 யெஸ்டி ரோட்கிங்: பெங்களூரில் ஒரிஜினல் பாகங்கள் கிடைக்குமா, எங்கே தொடங்குவது?

கிடைக்கும், ஆனால் பொறுமை வேண்டும். யெஸ்டி பைக்குகளைத் தயாரித்த மைசூரு ஐடியல் ஜாவா ஆலை 1996-லேயே மூடிவிட்டதால், இன்று ஒரிஜினல் என்றால் பழைய கடைகளில் விற்காமல் தங்கிய சரக்கும் கழற்றிய வண்டிகளின் பாகங்களும்தான். ஜே.சி. ரோட்டில் தொடங்குங்கள், அப்புறம் சிவாஜி நகர். போட்டோ போதாது, கழற்றிய பழைய பாகத்தையே கொண்டுபோய், கடைக்காரர் தருவதன் பக்கத்தில் வைத்து எடை, மரை, வார்ப்பு எல்லாம் ஒப்பிடுங்கள். நான் அப்படிப் பார்க்காமல் வாங்கிய கியர் ஒன்று உள்ளே உட்காரவே இல்லை.

பெயின்ட், குரோம் எல்லாம் கடைசி. இது டூ ஸ்ட்ரோக், அதுவும் நின்ற வண்டி, அதனால் முதலில் கிராங்க் ஆயில் சீல்களை, அதாவது எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டின் இரு பக்கமும் இருக்கும் ரப்பர் வளையங்களை, மாற்றுங்கள். அவை காய்ந்திருந்தால் ஒரு பக்கம் காற்றை இழுத்து, பெட்ரோல் கலவை மெலிந்து, பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கம் என்றால் கியர் ஆயில் உள்ளே போய்ப் புகை கக்கும். சீல், ரப்பர், கேபிளில் மட்டும் பழைய சரக்கு வேண்டாம், கிடந்த ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

டேங்க், சைடு பாக்ஸ், கிக்கராகவும் கியராகவும் வேலை செய்யும் அந்த ஒற்றை லிவர், இவற்றை எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சரி, செலவு செய்வதற்கு முன் ஆர்.சி.யில் உள்ள எஞ்சின், சேஸிஸ் எண்கள் வண்டியோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.