இரத்த அழுத்தம் எலும்பையும் பாதிக்குமா?

கேள்வி: எனக்கு வயது 68. பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துவருகிறேன். அழுத்தம் கட்டுப்படாததால் மூன்று வாரங்களுக்கு முன்பு இரண்டாவது மாத்திரையும் கொடுத்தார்கள். அதன் பிறகு காலையில் எழும்போது தலைசுற்றுகிறது. இப்போது எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் இடுப்பெலும்பின் டி ஸ்கோர் மைனஸ் 2.7 என வந்துள்ளது. எலும்பு பலவீனமானதற்கு இரத்த அழுத்தம்தான் காரணமா, மாத்திரைகளா?

பதில்: டி ஸ்கோர் என்பது உங்கள் எலும்பின் அடர்த்தியை ஆரோக்கியமான இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிடும் எண். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால், எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியக்கூடிய எலும்புப்புரை நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்). பலரும் ‘தேய்மானம்’ என்று சொல்லும் மூட்டுவலி வேறு, இது வேறு. எலும்புப்புரை பெரும்பாலும் எலும்பு முறியும்வரை வலிப்பதே இல்லை.

உங்கள் சந்தேகத்துக்கு அடிப்படை உண்டு. 66 வயதும் அதற்கு மேலும் ஆன 3,676 அமெரிக்கப் பெண்களை ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் கவனித்து, 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், இரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தவர்களுக்குத் தொடையெலும்பின் கழுத்துப் பகுதியில் எலும்பிழப்பும் கூடுதலாக இருந்தது. உயர் அழுத்தம் உள்ளவர்களின் சிறுநீரில் கால்சியம் அதிகம் வெளியேறுவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. உப்புக்கும் இதில் பங்குண்டு: சிறுநீரில் ஏறத்தாழ 6 கிராம் உப்பு வெளியேறும்போது 40 மில்லிகிராம் கால்சியத்தையும் அது இழுத்துச் செல்கிறது. ஆயினும் உங்கள் வயதுப் பெண்களுக்கு எலும்பிழப்பின் முதன்மைக் காரணம், மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதுதான். இரத்த அழுத்தத்தின் பங்கு அதற்கு அடுத்த நிலையில்தான் வரும்.

மாத்திரைகள் எல்லாம் ஒரே வகையல்ல. தயசைடு வகை சிறுநீர்பெருக்கிகள் கால்சியத்தைச் சிறுநீரில் போகவிடாமல் தடுக்கின்றன. இவ்வகையைச் சேர்ந்த குளோர்தாலிடோன் எடுத்துக்கொண்ட முதியவர்களுக்கு, வேறு இரு அழுத்த மருந்துகளை எடுத்தவர்களைவிட இடுப்பு எலும்பு முறிவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்ததாக ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஃபியூரோசெமைடு என்ற வேறு வகைச் சிறுநீர்பெருக்கி இதற்கு நேர்மாறாகக் கால்சியத்தை வெளியேற்றும். உங்கள் மாத்திரை எந்த வகை என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். தயசைடாக இருந்தால், அவரைக் கேட்காமல் கால்சியம் மாத்திரையைத் தொடங்க வேண்டாம், இரத்தத்தில் கால்சியம் மிகுந்துவிடலாம். முதியவர்களுக்குச் சோடியம் குறையும் வாய்ப்பும் இருப்பதால் இரத்தப் பரிசோதனையும் தேவை.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது உங்கள் ஸ்கேன் அறிக்கையல்ல, காலைத் தலைசுற்றல்தான். இடுப்பெலும்பு முறிவதற்குப் பெரும்பாலும் கீழே விழுவதே காரணம். அழுத்த மாத்திரையைப் புதிதாகத் தொடங்கும் முதல் சில வாரங்களில் விழும் அபாயம் கூடுகிறது. ஐந்து நிமிடம் படுத்திருந்து அழுத்தத்தை அளந்துவிட்டு, எழுந்து நின்ற ஒன்றாவது, மூன்றாவது நிமிடங்களில் மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மருத்துவர் மாற்றுவார். தலைசுற்றுகிறதே என்று நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். பக்கவாத அபாயம் கூடும். அதுவரை, படுக்கையிலிருந்து எழுமுன் இரண்டு நிமிடம் கால்களைத் தொங்கவிட்டு உட்காருங்கள். இரவில் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் விளக்கு எரியட்டும்.

எலும்புப்புரைக்குத் தனி மருந்துகள் உள்ளன. அவற்றைத் தொடங்குமுன் இரத்தத்தில் வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றின் அளவுகளைப் பார்க்க வேண்டியிருப்பதால், இந்த வாரமே மாத்திரை அட்டைகளையும் ஸ்கேன் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.